பேட்டரி இப்போது யார் வீட்டில்?

2006 ஜூன் 12 காலை, ஆக்லாந்தில் ஏறத்தாழ பாதி நகரத்துக்குக் கரண்ட் போனது. காரணம், கைக்கு அடக்கமான ஓர் இரும்பு வளையம். ஈஸ்ட் டாமாக்கியை ஒட்டிய ஓட்டாராவில் ஒரு பெரிய துணைமின் நிலையம் இருக்கிறது. பெயர் மட்டும் ஓட்டாஹுஹு. அங்கே எர்த் கம்பியைப் பிடித்திருந்த வளையம் துருவேறித் தேய்ந்திருந்தது. பலத்த காற்றில் அது விட்டுப்போக, கம்பி உயரழுத்த மின்தடங்களின் மேல் விழுந்தது. பல மணி நேரம் டிராஃபிக் சிக்னல்கூட இல்லாமல் நகரம் தடுமாறியது. இப்படிப்பட்ட நாளுக்காகத்தான் "வீட்டில் ஒரு லேண்ட்லைன் இருக்கட்டும்" என்று பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். அந்த யோசனை இன்றும் தப்பில்லை. ஆனால் அதைத் தாங்கி நின்ற பொறியியல் சத்தமில்லாமல் மாறிவிட்டது. அது தெரியாமல் லேண்ட்லைனை வைத்திருப்பது, தண்ணீர் இல்லாத தீயணைப்புக் குழாயை நம்பியிருப்பதைப் போன்றது.

பழைய செம்புக் கம்பி, குரலை மட்டுமல்ல, மின்சாரத்தையும் சேர்த்தே கொண்டுவந்தது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பேட்டரிகளிலிருந்து சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் வீடுவரை வரும்; ரிசீவரை எடுத்ததும் சுற்று முழுமையடைந்து டயல் டோன் கேட்கும். வட்ட டயல் செய்ததும் அந்த மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிப்பதைத்தான். நியூசிலாந்து டயலில் எண்கள் தலைகீழ் வரிசை. 1 சுழற்றினால் ஒன்பது துடிப்புகள் போகும். அதனால் 1958-இல் மாஸ்டர்ட்டனில் தொடங்கிய 111 அவசர அழைப்பு, எக்ஸ்சேஞ்ச் கருவியைப் பொறுத்தவரை பிரிட்டனின் 999-தான். விஷயம் என்னவென்றால், அந்த நாள் தொலைபேசியின் நம்பகத்தன்மை தொலைபேசியில் இல்லை. யாரோ ஒருவர் பராமரித்துவந்த எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் இருந்தது. செம்புக் காலத்திலேயே கார்ட்லெஸ் போன் வாங்கியவர்கள் அந்தப் பாதுகாப்பைப் பாதி கைவிட்டவர்கள். அதன் அடித்தட்டுக்கு வீட்டு மின்சாரம் வேண்டும்.

செம்பின் இடத்துக்கு இப்போது வரும் ஃபைபர் என்பது கண்ணாடி இழை. ஒளி போகும், மின்சாரம் போகாது. 2022 முடிவில் நியூசிலாந்து மக்களில் 87 சதவீதத்தினருக்கு ஃபைபர் எட்டும் நிலை வந்துவிட்டது. செம்பு வலையமைப்பை 2030-க்குள் மூடிவிட கோரஸ் நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. இதைக் கேட்டு செம்புக்காகக் கண்ணீர் விடத் தேவையில்லை. செம்பு ஈரத்தில் அரிக்கும், இணைப்புகளில் இரையும். கண்ணாடிக்கு அந்த நோய் இல்லை. எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒளியைப் பிரிக்கும் கருவிக்குக்கூட மின்சாரம் வேண்டாம். ஆக எக்ஸ்சேஞ்சில் இன்னும் பேட்டரி உண்டு, தெருவில் அதற்குத் தேவையே இல்லை. கரண்ட் போனால் வழி அறுபடும் இடம் ஒன்றுதான்: வீட்டுச் சுவரிலிருக்கும் ஃபைபர் பெட்டியும் அதனோடு இணைந்த ரவுட்டரும்.

"கையில் செல்போன் இருக்கிறதே" என்பது நியாயமான கேள்வி. செல்போன் இருக்கட்டும், பேரிடர் எச்சரிக்கைகள் அதற்குத்தான் வரும், 111-ஐ எந்த நிறுவனத்தின் டவர் வழியாகவும் அழைக்கலாம். ஆனால் டவருக்கும் கரண்ட் வேண்டும்; அதன் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் ஹாக்ஸ் பே, கிஸ்போர்ன் பகுதிகளில் இதைக் காட்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் கண்டது. கேப்ரியலில் ஃபைபர் வடங்களும் அறுந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்த ஒற்றை வழியும் போதாது. லேண்ட்லைனும் செல்போனும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் சாகாமல் பார்த்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

"சட்டம் பார்த்துக்கொள்ளாதா?" ஓரளவு பார்க்கிறது. வணிக ஆணையத்தின் 111 தொடர்பு விதிமுறை 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. உடல்நலம், பாதுகாப்பு, ஊனம் காரணமாக 111 தேவைப்படலாம், கரண்ட் போனால் அழைக்க வேறு வழி இல்லை என்ற நிலையில் உள்ளவருக்கு, குறைந்தது எட்டு மணி நேரம் வேலை செய்யும் ஒரு வழியைத் தொலைபேசி நிறுவனம் இலவசமாகத் தர வேண்டும். மூச்சுக் கருவிகளை உலகெங்கும் அனுப்பும் ஃபிஷர் அண்ட் பேக்கல் ஹெல்த்கேர் இருப்பது ஈஸ்ட் டாமாக்கியில்தான். அத்தகைய கருவியை வீட்டில் நம்பியிருப்பவர்களுக்கே இந்த விதி முதலில் பயன்படும். ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். மகன் பெயரில் இணைப்பு, பகலில் தனியாக இருப்பது ஆங்கிலம் அதிகம் பழகாத அம்மா என்றால், அந்த விண்ணப்பத்தை மகன்தான் கேட்டு வாங்கி நிரப்ப வேண்டும்.

மற்றவர்கள் தாங்களே பேட்டரி வாங்க வேண்டியதுதான், கணக்கு எளிது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 15 முதல் 20 வாட் இழுக்கும். 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சிறிய யூபிஎஸ் சுமார் ஐந்து மணி நேரம் தாங்கும். 2018 ஏப்ரல் புயலில் ஆக்லாந்தின் சில வீடுகளுக்குப் பல நாள் கரண்ட் வரவில்லை. அதற்கு இது காணாது, பெரும்பாலான மின்வெட்டுகளுக்குக் காணும். வாங்குமுன் பார்க்க வேண்டியது, ஃபைபர் பெட்டி எங்கே இருக்கிறது என்பது. பல வீடுகளில் அது கராஜில், ரவுட்டர் ஹாலில். அப்படியானால் யூபிஎஸ் இரண்டு வேண்டும்.