ஆறு பவுணில் ஒரு நிறுவனம்

சகோதரிகளே! குழந்தை பிறந்துவிட்டால் கற்ற கல்வியை மூட்டை கட்டி வைக்கத்தான் வேண்டுமா?

இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷேர்லி என்ற பெண்மணி 1962இல் வெறும் 6 பவுண் முதலுடன், வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கணனி மென்பொருள் நிறுவனமொன்றைத் தொடங்கினார். பெண் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் ‘ஸ்டீவ்’ என்று ஒப்பமிட்டார்.

குழந்தைகளுக்காகத் தொழிலை விட்டிருந்த பெண்களைத் தேடிச் சேர்த்தார். அவர்கள் வீட்டிலிருந்தே பென்சிலால் தாளில் புரோகிராம் எழுதினர். எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள் என்று அவர் பார்க்கவில்லை. ஒப்புக்கொண்ட வேலை ஒழுங்காக முடிந்ததா என்றே பார்த்தார். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராமை எழுதியதும் இப்படிப்பட்ட 30 பெண்களே! முதல் 300 ஊழியரில் 297 பேர் பெண்கள். பிற்காலத்தில் நிறுவனப் பங்குகளில் ஒரு பகுதியையும் ஊழியருக்கே உரித்தாக்கினார்.

நாலு பேர் சேர்ந்து தையலோ பலகாரமோ செய்ய எண்ணும் உங்களுக்கும் இதில் பாடமுண்டு. வேலையைத் தெளிவாகப் பிரித்துக் கொடுங்கள், பிறகு நம்புங்கள்.