மலை உச்சிக் கண்ணும் விண்வெளிக் கண்ணும்

2022 ஜூலை 12 அன்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் வண்ணப் படங்கள் வெளியானபோது, அவற்றை வியந்து பார்த்த பலருக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கும். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், காற்றும் மேகமும் எட்டாத குளிர்ந்த இருளில், 6.5 மீட்டர் அகல ஆடியோடு ஒரு தொலைநோக்கி நிற்கிறது. அப்படியிருக்க, மலை உச்சிகளில் குவிமாடங்களைக் கட்ட இன்னும் ஏன் கோடி கோடியாகச் செலவழிக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் மாட்டு வண்டி போய் ரயில் வந்ததைப் போல, தரைத் தொலைநோக்கியின் காலம் முடிந்து விண்வெளித் தொலைநோக்கியின் காலம் பிறந்துவிட்டது என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி மேலே போன 1990 முதல் இன்றுவரை நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் நேர்மாறான உண்மை தெரிகிறது. மேலே போன ஒவ்வொரு கண்ணும் கீழே இருக்கும் கண்களுக்கு வேலையைக் கூட்டியே தந்திருக்கிறது.

முதலில் விண்வெளியின் பக்கம் இருக்கும் நியாயத்தைக் குறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்திலிருந்து புறப்பட்ட ஒளி 25 லட்சம் ஆண்டுகள் ஏறக்குறைய இடையூறு இல்லாமல் பயணம் செய்து நம்மிடம் வருகிறது. கடைசி 100 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்தக் கண நேரத்தில்தான் நம் காற்று அதைக் குலைத்துவிடுகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து புரளும்போது ஒளி இங்குமங்கும் வளைகிறது. விண்மீன் மினுக்குவது அதனால்தான். அதிகப் பெருக்கத்தில் பார்த்தால், கொதிக்கும் உலையில் அரிசி துள்ளுவதைப் போல அந்த ஒளிப்புள்ளி துள்ளிச் சிதறும். நல்ல மலை உச்சியில்கூட இந்தக் கலக்கம் விண்மீனின் பிம்பத்தை ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்த ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலத்துக்குப் பரப்பிவிடும். ஆடியை எத்தனை மீட்டர் அகலமாக்கினாலும் அதிக ஒளி சேருமே ஒழிய, படத்தின் கூர்மை வீட்டு மொட்டை மாடியில் வைக்கும் சிறு தொலைநோக்கியைத் தாண்டாது. 1704இல் வெளிவந்த தன் ஒளியியல் நூலிலேயே நியூட்டன் இந்தக் குறையைச் சொல்லி, உயர்ந்த மலை உச்சிகளின் அமைதியான காற்றைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை என்று முடித்துவிட்டார்.

கலக்குவது காற்றின் ஒரு குற்றம் என்றால், மறைப்பது இன்னொன்று. எக்ஸ் கதிர், காமா கதிர், புற ஊதாவின் பெரும்பகுதி, அகச்சிவப்பின் பெரும்பகுதி ஆகியவற்றை வளிமண்டலம் தரைக்கு விடுவதே இல்லை. நம் உயிர் பிழைத்திருப்பதற்கு அந்தத் தடுப்பும் ஒரு காரணம். ஆனால் வானியலுக்கு அது மூடிய கதவு. 1962இல் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு ஒரு ராக்கெட்டில் எக்ஸ் கதிர்க் கருவியை அனுப்பி, சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதை முதன்முதலில் கண்டது. அந்த வழியில் 1999இல் ஏவப்பட்ட எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகரின் நினைவாக ‘சந்திரா’ என்று பெயரிட்டார்கள். 2015இல் இந்தியா அனுப்பிய அஸ்ட்ரோசாட் புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒருசேரப் பார்த்தது. அகச்சிவப்பில் நிலைமை இன்னும் கடினம். காற்றும் தொலைநோக்கியும் தம் வெப்பத்தாலேயே அந்த ஒளியை உமிழ்கின்றன. தரையிலிருந்து அதில் மங்கலான பொருளைத் தேடுவது பட்டப்பகலில் விண்மீனைத் தேடுவதற்குச் சமம். வெப் தொலைநோக்கி டென்னிஸ் ஆடுகளம் அளவுள்ள ஐந்தடுக்குத் திரையின் நிழலில் நின்று தன்னைக் குளிர்வித்துக்கொள்வது இதனால்தான். இந்த அலைநீளங்களில் தரைக்குப் பதில் சொல்ல வழியில்லை; விண்ணுக்குப் போயே ஆக வேண்டும்.

ஆனால் கலக்கத்தின் கதை வேறு. 1953இல் ஹொரேஸ் பாப்காக் என்ற அமெரிக்க வானியலாளர் ஒரு யோசனையை முன்வைத்தார். காற்று ஒளியை எப்படி வளைக்கிறதோ அதற்கு நேரெதிராக ஆடியை வளைத்தால், இரண்டும் கழிந்து ஒளி பழையபடி நேராகிவிடும். அன்று அதைச் செய்யக் கணினியும் இல்லை, கருவியும் இல்லை. இன்று சிலி நாட்டின் பரனால் மலையில், 8.2 மீட்டர் அகலமுள்ள நான்கு பெருந்தொலைநோக்கிகளுள் ஒன்றில் அது இரவுதோறும் நடக்கிறது. அங்கிருந்து ஆரஞ்சு நிற லேசர் கற்றைகள் வானை நோக்கிக் கிளம்புகின்றன. எரிகற்கள் விட்டுச்சென்ற சோடியம் அணுக்கள் சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய படலமாக மிதக்கின்றன. லேசர் பட்டதும் அவை ஒளிர்ந்து செயற்கை விண்மீன்களாகின்றன. அந்த விண்மீன்கள் எப்படித் துள்ளுகின்றன என்று அளந்து, கணினி உடனே ஆடிக்குக் கட்டளை அனுப்புகிறது. கட்டளையை ஏற்கும் ஆடி ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலமும் வெறும் இரண்டு மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. அதன் பின்னால் இருக்கும் 1,170 இயக்கிகள் நொடிக்கு ஆயிரம் முறைவரை அதை நெளித்துத் திருத்துகின்றன. தகவமைப்பு ஒளியியல் எனப்படும் இந்த முறையில் அங்கு எடுத்து 2018இல் வெளியிட்ட நெப்டியூன் படம், ஹபிள் எடுத்ததைவிடக் கூர்மையாக இருந்தது. நியூட்டன் மருந்தில்லை என்று சொன்ன நோய்க்கு மருந்து தரையிலேயே கிடைத்துவிட்டது.

இந்த மருந்து எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் பால்வீதியின் மையம் சாட்சி. அது சுமார் 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால், அடர்ந்த தூசுக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அங்கிருந்து வருவதில்லை. காற்று விட்டுவைக்கும் அண்மை அகச்சிவப்பு வருகிறது. 1990களில் தொடங்கி ரெய்ன்ஹார்ட் கென்சலின் குழு சிலியிலிருந்தும், ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழு ஹவாய் தீவின் 10 மீட்டர் கெக் தொலைநோக்கிகளிலிருந்தும் அங்குள்ள விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்தன. எஸ்2 என்ற விண்மீன் கண்ணுக்குத் தெரியாத எதையோ 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருவது புலப்பட்டது. 2018 மே மாதம் மையத்தை மிக நெருங்கியபோது அது நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்தது. அப்படி அதைச் சுழற்ற 40 லட்சம் சூரியன்களின் நிறை ஒரு சிறு இடத்தில் அடங்கியிருக்க வேண்டும். கருந்துளையைத் தவிர வேறெதுவும் அந்தக் கணக்குக்குள் பொருந்தவில்லை. 2020இல் நோபெல் பரிசு பெற்ற இந்தக் கண்டுபிடிப்பின் முதுகெலும்பு தரைத் தொலைநோக்கிகள்தான். 2.4 மீட்டர் ஆடி கொண்ட ஹபிளுக்கு அந்த நெரிசலில் விண்மீன்களைப் பிரித்துக் காட்டும் கூர்மை கிடையாது.

தகவமைப்பு ஒளியியலுக்கு எல்லை உண்டு, உண்மைதான். அது வானத்தின் சிறு துண்டை மட்டுமே திருத்தும். அண்மை அகச்சிவப்பில் நன்றாகவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சிரமப்பட்டும் வேலை செய்யும். அகன்ற பரப்பில் ஒரே சீரான கூர்மை வேண்டுமென்றால் விண்வெளித் தொலைநோக்கிக்கு ஈடில்லை. ஆனால் அளவு என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ராக்கெட்டின் முகப்பில் அடங்க வேண்டும் என்பதற்காக வெப்பின் ஆடியை 18 துண்டுகளாக்கி மடித்து அனுப்பினார்கள். மொத்தச் செலவு சுமார் 1,000 கோடி டாலர். சிலியின் அர்மசோனஸ் மலையில் ஐரோப்பியர்கள் கட்டிவரும் தொலைநோக்கியின் ஆடி 39 மீட்டர் அகலம், 798 துண்டுகள். ஒளியைச் சேர்க்கும் பரப்பில் வெப்பைப் போலச் சுமார் 38 மடங்கு. அதன் செலவோ வெப்பின் செலவில் சுமார் ஆறில் ஒரு பங்குதான். விண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்து ஒவ்வொரு கோட்டையும் நுணுக்கமாக அளக்கும் வேலைக்குக் குடம் குடமாக ஒளி வேண்டும். அதைத் தருவது அகலமான ஆடி.

ரேடியோ அலைகளுக்கு வந்தால் காற்று பெரும்பாலும் ஒரு தடையே இல்லை. உதகமண்டலத்தில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அந்த இடத்தின் அட்சரேகைக்கு ஏற்பச் சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அதன் மேல் இதைக் கட்டினார். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே திசையில் மெல்லத் திருப்பினால் போதும், வானம் நகர நகர மணிக்கணக்கில் ஒரே பொருளைப் பின்தொடரலாம். மலையையே கருவியின் உறுப்பாக்கிய இந்த அமைப்பைத் தூக்கி எந்த ராக்கெட்டில் வைப்பது? 2019 ஏப்ரலில் உலகமே பார்த்த எம்87 கருந்துளையின் நிழற்படமும், பூமியில் வெவ்வேறு இடங்களில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்துப் பூமி அளவுள்ள ஒரே கண்ணாக்கியதால் கிடைத்தது.

இதுவரை சொன்னது தனித்தனித் திறமைகள். என் வாதத்தின் உயிர்நாடி இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. சிலியில் லா சில்லா மலையில் வெறும் 60 சென்டிமீட்டர் ஆடி கொண்ட ட்ராப்பிஸ்ட் என்ற தொலைநோக்கி இருக்கிறது. 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு மங்கலான செங்குறு விண்மீனின் ஒளி அவ்வப்போது துளி குறைவதை அது கவனித்தது. கோள்கள் குறுக்கே போவதால் வந்த குறைவு அது. 2016இல் மூன்று கோள்கள் என்று அறிவித்தார்கள். அதன்பின் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி இரவும் பகலும் இல்லாத இடத்தில் நின்று சுமார் 20 நாட்கள் அந்த விண்மீனை வெறித்துப் பார்த்தது. 2017இல் பூமி அளவுள்ள ஏழு கோள்கள் என்று கணக்கு உறுதியாயிற்று. இப்போது வெப் அவற்றின் வெப்பத்தை அளக்கிறது. மிக உள்ளே இருக்கும் கோளின் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி செல்சியஸ் என்றும், அங்கே காற்று இருப்பதாகத் தெரியவில்லை என்றும் 2023இல் சொன்னது. ஆயிரம் கோடி டாலர் கருவிக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று வழிகாட்டியது, மலைமேல் நின்ற ஒரு சிறிய தொலைநோக்கி. திசை மாறியும் இது நடக்கிறது. 2009இல் ஏவிய கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி ஆயிரக்கணக்கான கோள்களின் அளவைச் சொன்னது. அவற்றில் பலவற்றின் நிறையைத் தரையிலிருந்த நிறமாலைக் கருவிகள் அளந்த பிறகுதான் எது பாறை, எது வாயு என்று தெரிந்தது. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது, தரையிலிருந்த ஈர்ப்பலைக் கருவிகளும் விண்ணிலிருந்த ஃபெர்மி காமா கதிர்த் தொலைநோக்கியும் இரண்டு நொடிக்குள் அடுத்தடுத்து அதை உணர்ந்தன. மோதிய இடத்தை முதலில் கண்டது சிலியில் இருக்கும் ஒரு மீட்டர் தொலைநோக்கி.

ராக்கெட் செலவு குறைந்துகொண்டே வருகிறதே, நாளை எல்லாவற்றையும் மேலேயே அனுப்பிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செலவு குறைவது நல்லதுதான். ஆனால் மேலே போனதைத் தொட்டுத் திருத்துவது இன்றும் எளிதில்லை. ஹபிளின் ஆடியைச் செதுக்கும்போது அளவுக் கருவி ஒன்றில் 1.3 மில்லிமீட்டர் பிசகு நேர்ந்தது. ஆடியின் விளிம்பு தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்கு தட்டையாகிவிட்டது. விண்வெளி வீரர்கள் 1993 டிசம்பரில் போய்ச் சரிசெய்யும்வரை மூன்றரை ஆண்டுகள் மங்கலான படங்களே வந்தன. ஹபிள் எட்டும் உயரத்தில் இருந்ததால் பிழைத்தது; வெப் இருக்கும் இடத்துக்கு இதுவரை எந்த மனிதரும் போனதில்லை. மாறாக, 1948இல் பாலமரில் திறந்த 5 மீட்டர் தொலைநோக்கி ஒளிப்படத் தகட்டோடு தொடங்கி, மின்னணு உணரிகளும் தகவமைப்பு ஒளியியலும் பொருத்தப்பட்டு இன்றும் உழைக்கிறது. கொடைக்கானல் ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவருகிறது. 2024 ஜனவரியில் தன் இடத்தை அடைந்த ஆதித்யா-எல்1 விண்கலம் தரையை எட்டாத புற ஊதாவில் சூரியனைக் காட்டுகிறது. இன்றைய சூரியனை நூறாண்டுக்கு முந்தைய சூரியனோடு ஒப்பிட வேண்டுமென்றால் கொடைக்கானலின் பழைய தகடுகளைத்தான் எடுக்க வேண்டும். தகவலை இறக்குவதிலும் இடைவெளி பெரிது. வெப் நாளொன்றுக்கு அனுப்பக்கூடியது சுமார் 57 ஜிகாபைட். சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களைத் தந்த வேரா ரூபின் ஆய்வகம் ஓர் இரவில் சேர்க்கும் தகவலோ சுமார் 20 டெராபைட், அதாவது ஏறக்குறைய 350 மடங்கு.

கடைசி எதிர்ப்புதான் கனமானது. தரையிலிருந்து பார்க்கும் வானமே கெட்டுவருகிறது. நகர வெளிச்சம் பரவுகிறது. 2019 முதல் ஆயிரக்கணக்கில் ஏவப்படும் இணையச் செயற்கைக்கோள்கள் படங்களின் குறுக்கே கோடு கிழிக்கின்றன. ஆகவே விண்ணுக்குத் தப்பித்துப் போவதே வழி என்கிறார்கள். பாதிப்பு உண்மை. ஆனால் தாழ்ந்த சுற்றுப்பாதையும் தப்பிக்கும் இடமாக இல்லை. 2002 முதல் 2021 வரை ஹபிள் எடுத்த தனிப்படங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 2.7 சதவீதத்தில் செயற்கைக்கோள்களின் கோடு விழுந்திருந்தது. வீட்டுக்குள் புகை வந்தால் அடுப்பைச் சரிசெய்ய வேண்டும். எல்லாரும் கூரைமேல் ஏறி உட்கார முடியாது. வானியலாளர் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து, 1968இல் சிறிய தொலைநோக்கியோடு பணியைத் தொடங்கியதற்கு அங்கிருந்த இருட்டும் ஒரு காரணம். அவர் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்று அங்கே நிற்கிறது. லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹன்லேயைச் சுற்றி 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஊர்க்காரர்கள் விளக்குகளின் ஒளி மேலே சிந்தாமல் மூடி போடுகிறார்கள், சன்னல்களுக்குத் திரை இடுகிறார்கள். விண்வெளிக் கண்ணைப் படைக்கப் பெரும் பணமும் பெரும் ராக்கெட்டும் வேண்டும். அந்தக் கண்ணுக்கு வழிகாட்டும் தரைக் கண்ணைக் காக்க, தெருவிளக்கின் மேல் ஒரு தகர மூடியும் அதைப் போட மனமும் போதும். நம் மலைகளைச் சுற்றியும் அதைச் செய்துவிடலாம்.