உஷார்! தெளிந்துவிட்டதே என்று மூடி போடாதீர்கள்

ஜலகண்டாபுரம் மக்களே, வீடியோ பார்த்து வீட்டிலேயே பீர் போடும் ஆசை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்திருந்தால் உடனே தடுத்து நிறுத்துங்கள். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான். இன்றும் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ‘வீட்டுக்குத்தானே’ என்ற சாக்கு எடுபடாது.

வழக்கைவிடப் பெரிய ஆபத்து பாட்டிலுக்குள் இருக்கிறது. “கலங்கல் அடங்கிருச்சு, இனி அடைச்சிரலாம்” என்பார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம்! தெளிந்தது என்றால் ஈஸ்ட் அடியில் படிந்திருக்கிறது, அவ்வளவுதான், சாகவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்துத் தெளியவைத்தால் குளிரில் தூங்கும். மிச்சச் சர்க்கரையோடு மூடி போட்டுப் பரணில் ஏற்றினால், நம்ம ஊர் சித்திரை வெயிலில் விழித்துக்கொள்ளும்.

கடையில் வாங்கிய இட்லி மாவு பாக்கெட்டை ஒரு பகல் வெளியே மறந்துவிட்டால் பலூன்போல் உப்பி நிற்கிறதே, அதே கதைதான். பிளாஸ்டிக் கவர் விரிந்து கொடுக்கும். கண்ணாடி கொடுக்காது, வெடிக்கும். பீரில் நுரை வர லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரையே போதும். நொதித்து முடியாததில் அதைப்போல் பல மடங்கு மிச்சமிருக்கலாம். அதில் ஏறக்குறைய பாதி எடை வாயுவாக மாறும். கையில் எடுக்கும்போதே சிதறினால் கண் போய்விடும்.

தெளிவை நம்பவே கூடாது என்பதற்கு இன்னொரு சாட்சி கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்த சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால், பார்வைக்குத் தண்ணீர்போல் தெளிவானது. பாதிக்கப்பட்டவர்கள் பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் தூக்கி வந்தார்கள். யார் கொடுத்தாலும் லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

வீட்டில் இஞ்சி பானம் புளிக்கவைக்கிறவர்களும் கவனியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம். பிளாஸ்டிக் பாட்டிலில் நான்கு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள். தினமும் அழுத்திப் பாருங்கள். கல்போல் இறுகினால் மூடியை மெல்லத் தளர்த்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கண்ணாடியில் ஏற்கெனவே அடைத்துவிட்டீர்களா? குலுக்காதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். முகத்தை மறைத்து, கையில் கெட்டித் துணி சுற்றிக்கொண்டு, மேலே கனத்த சாக்கைப் போட்டு மூடுங்கள். இன்றைக்கே பரணைப் பாருங்கள்!