பேசத் தாமதிக்கும் குழந்தையும் பாலர் பள்ளித் தமிழும்

தெப்ராவ் வட்டாரத்தில் மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்று தாமான்களும் கடைவரிசைகளும் நினைவுக்கு வருகின்றன. ஒரு காலத்தில் அது தோட்டத்தின் பெயர். பால்மரம் வெட்டச் சென்ற தாய் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். அங்கே அதன் காதில் விழுந்தது பெரும்பாலும் தமிழ். இன்று பெற்றோருள் ஒருவரேனும் விடியுமுன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் இங்குப் பல. குழந்தை பாட்டியிடம் தமிழும், பராமரிப்பு மையத்தில் மலாயும், கைப்பேசியில் ஆங்கிலமும் கேட்டு வளர்கிறது.

இத்தகைய குழந்தை இரண்டரை வயதாகியும் பேசாதிருந்தால், பெற்றோர்க்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: ‘மொழிகளைக் கலந்து குழப்பாதீர்கள், வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், ஆங்கிலமாயின் நன்று.’ நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதே. ஆயினும் நாள் முழுதும் குழந்தையோடு இருப்பவர் பாட்டி. அவருக்கு ஆங்கிலம் வராது. அறிவுரையை ஏற்ற நாள்முதல் அவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். தாய் தமக்கு இயல்பல்லாத ஆங்கிலத்தில் நான்கைந்து கட்டளைகளோடு நிறுத்திக்கொள்கிறார். பேச்சு மிகுதியாகத் தேவைப்படும் குழந்தைக்குப் பேச்சே குறைந்துவிடுகிறது.

இவ்வறிவுரைக்கு ஆய்வுச் சான்று இல்லை. கனடாவில் ஜோஹான் பாரடிஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, மொழி வளர்ச்சிக் குறைபாடுடைய பிரெஞ்சு–ஆங்கில இருமொழிக் குழந்தைகளை, அதே குறைபாடுடைய ஒருமொழிக் குழந்தைகளோடு ஒப்பிட்டது. இருமொழியாளர் கூடுதலாகப் பின்தங்கவில்லை. டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளைப் பற்றி எலிசபெத் கே-ரெய்னிங் பேர்ட் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வின் முடிவும் அத்தகையதே. குறைபாடு இருமொழியால் வருவதன்று. ஒரு மொழியை விலக்குவதால் போவதுமன்று.

சட்டத்தின் நிலையையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆம் பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பாலர் கல்வியிலிருந்து விலக்கலாகாது என்கிறது. கல்வியமைச்சின் மறுப்பில்லாக் கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது. 1984இல் திரங்கானுவின் பத்து ராகிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம், அதாவது மக்கள் ‘பிடிகே’ என்றழைக்கும் மையங்கள், இன்று நாடெங்கும் உள்ளன. வாயில்கள் திறந்திருக்கின்றன. உள்ளே குழந்தையிடம் எந்தத் தமிழில், எவ்வாறு பேசுவது என்பதே மொழியியலாளன் பேசத்தக்க பொருள்.

பாலர் பள்ளியின் காலை வேளையை எண்ணிப் பாருங்கள். ஆசிரியை சொல்கிறார்: “பையக் கழட்டி வச்சிட்டு, கையக் கழுவிட்டு, வந்து உட்காரு.” தமிழ் இலக்கணப்படி இது செம்மையான தொடர். கழட்டி, வச்சிட்டு, கழுவிட்டு, வந்து என்பன வினையெச்சங்கள்; ஏவல் வினைமுற்று ‘உட்காரு’ ஒன்றே. ஆங்கிலத்திலோ மலாயிலோ இதனைச் சொன்னால் ஒவ்வொரு வினையும் தனித்தனி ஏவலாக நிற்கும். தமிழில் கேட்பவர் எச்சங்களையெல்லாம் மனத்தில் ஏந்திக்கொண்டு முற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். அவ்வாறு ஏந்திக்கொள்ள இயலாத குழந்தைக்கு எஞ்சுவது இறுதிச் சொல். அது பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்துகொள்கிறது. ‘சொல் பேச்சுக் கேளாத பிள்ளை’ என்ற பெயரும் அதற்கு வந்துவிடுகிறது. உண்மையில் அது கேட்ட சொல்லுக்குச் சரியாகக் கீழ்ப்படிந்திருக்கிறது!

தீர்வு எளிது. எச்சத்தை முற்றாக்குக. “பையக் கழட்டு.” செய்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, “கையக் கழுவு.” பின்னர், “உட்காரு.” இதற்குச் செலவில்லை, வகுப்பிலுள்ள ஏனைய குழந்தைகளுக்கும் இதனால் இழப்பில்லை. குழந்தை தேறியபின் இரண்டு வினைகளை இணைக்கலாம்.

அடுத்தது பட அட்டைகள். பேசாத குழந்தை தன் விருப்பத்தைப் படம் கொடுத்துத் தெரிவிக்கும் முறையை ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் 1985இல் அமெரிக்காவின் டெலவேரில் உருவாக்கினர். சிறந்த முறை. ஆயினும் அதன் தொடர்ப்பட்டையில் ‘எனக்கு வேண்டும்’ என்னும் பொருளுடைய அட்டை இடப்பக்கத்திலும் பொருளின் படம் அதற்குப் பின்னும் வரும். அது ஆங்கிலத் தொடரின் வரிசை. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘நான் வேண்டும்’ என்று அச்சிட்டுப் பந்தின் படத்தை அடுத்து ஒட்டிய பட்டைகளை நான் கண்டதுண்டு. அவ்வாறு எந்தத் தமிழ்த்தாயும் பேசுவதில்லை. “பந்து வேணும்” என்பதே நம் வழக்கு. வேண்டியவர் யாரெனச் சொல்லாமலே தொடர் முழுமை பெறுகிறது. சொல்ல நேர்ந்தாலும் ‘எனக்கு’ என நான்காம் வேற்றுமையில் வரும். ஆகவே படம் முதலில், ‘வேணும்’ அட்டை வலப்பக்க இறுதியில். தனக்கு வேண்டிய பொருளையே குழந்தை முதலில் எடுத்து வைக்கிறது. இவ்விடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட எளிது என்பது என் துணிபு. அட்டையில் ‘வேண்டும்’ என எழுதுவோர் எழுதலாம். வாயால் சொல்லும்போது வீட்டு வழக்கான ‘வேணும்’ என்பதே வேண்டும். எழுத்துத் தமிழைக் காக்க வேறு இடங்கள் உண்டு.

ஓர் எச்சரிக்கை. ‘வேணும்’, ‘வேணாம்’ என்னும் எதிரெதிர்ச் சொற்களை வேறுபடுத்துவது ஓர் உயிரொலி மட்டுமே. செவித்திறன் குறைந்த குழந்தைக்கும், ஒலிப்புத் தெளியாத குழந்தைக்கும் இது இடர்ப்பாடு. சொல்லும்போதே தலையசைவையும் கையசைவையும் சேர்த்துக்கொள்க. மறுப்புக்குத் தொடக்கத்தில் ‘போதும்’ என்பதைக் கற்பிப்பதும் நன்று. விரும்பாததை மறுக்கச் சொல்லில்லாத குழந்தை கடிக்கவும் தள்ளவும் செய்கிறது. அதனை முரட்டுத்தனம் என்று எழுதிவைப்பது பிழை.

எதற்குக் கவலை வேண்டா என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு வயதுக் குழந்தை ‘மழை’ என்பதை ‘மயை’ என்றோ ‘மளை’ என்றோ சொல்வது குறைபாட்டின் அறிகுறியன்று. ழகரம் காலந்தாழ்ந்து வரும் ஒலி. பெரியவர் பலர்க்கே அது இன்னும் வந்தபாடில்லை. மாறாக, ஒன்றரை வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, வந்த சொற்கள் மறைந்துபோதல் ஆகியவை காத்திருக்கத் தக்கவையல்ல. ‘ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசும்’ என்ற பாட்டியின் சமாதானத்தை இவ்விடத்தில் மட்டும் ஏற்க வேண்டா. முதலில் சோதிக்கவேண்டியது செவித்திறன்.

சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது பெற்றோர் ஒரு தாளைக் கொண்டுசெல்க. சோதிப்பவர் தமிழறியாதவராக இருக்கக்கூடும். அவர் கேட்கும் மொழியில் குழந்தைக்கு ஐந்து சொற்களே இருக்கலாம். வீட்டில் அது ‘மம்மு’, ‘தாத்தா’, ‘வா’, ‘சூசு’ என்று சொல்வதெல்லாம் கணக்கில் சேராமற் போகும். ஆகையால் ஒரு வாரம் குழந்தை சொல்லும் ஒவ்வொரு சொல்லையும், அது சொல்லும் வடிவிலேயே, தமிழ், மலாய், ஆங்கிலம் என்று பிரிக்காமல் எழுதுக. எதிரே அது எதனைக் குறிக்கிறது என்பதையும் எழுதுக. பாலர் பள்ளி ஆசிரியையும் அவ்வாறே ஒரு பட்டியல் எழுதித் தருவாராயின், இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கலாம். பாட்டியைக் கேட்காமல் பட்டியலை முடிக்க வேண்டா. தாய் அறியாத சில சொற்கள் அவரிடம் இருக்கும்.