மண்டபத்து நியூட்ரல் கம்பி

தோட்டக் கோயிலில் திருவிழா என்றால் மண்டபம் முழுக்கச் சரவிளக்கும் ஒலிபெருக்கியுமாக ஜெகஜோதிதான். "எல்.இ.டி. தானே, கரண்டே இழுக்காது" என்று நூற்றுக்கணக்கில் மாட்டுகிறோம். குண்டு பல்பைக் கழற்றிவிட்டு அதே எண்ணிக்கையில் மாட்டினால் லாபம்தான். பயமில்லை. மேலும் மேலும் சேர்க்கும்போதுதான் சங்கடம்.

குண்டு பல்பும் இஸ்திரிப் பெட்டியும் மின்சாரத்தை அலையின் போக்கிலேயே சீராக எடுக்கும். எல்.இ.டி., டிவி, கணினி போன்றவற்றில் பல அலையின் உச்சியில் மட்டும் 'மடக் மடக்'கென்று விழுங்கும். அதனால் வினாடிக்கு 50 சுழற்சி உள்ள நமது மின்சாரத்தோடு 150, 250 சுழற்சியுள்ள உபரி அலைகளும் கம்பியில் ஓடுகின்றன. இவைதான் ஹார்மோனிக்.

சாதாரண வீட்டுக்கு வருவது ஒரே ஃபேஸ். அங்கே போகிற கரண்டேதான் நியூட்ரலில் திரும்புகிறது, வியப்பில்லை. மண்டபத்துக்கும் பள்ளிக்கும் பெரும்பாலும் மூன்று ஃபேஸ். மூன்று பேர் மூன்று திசையில் சமபலத்தோடு கயிற்றை இழுத்தால் நடு முடிச்சு அசையாதல்லவா? அதுபோல 50 சுழற்சிக் கரண்ட் நியூட்ரலில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 150 சுழற்சி அலையோ மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும். எல்லாம் நியூட்ரலில் கூடிவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஃபேஸ் ஒவ்வொன்றிலும் 39 ஆம்பியர். சுவரோடு பதித்த நான்கு கம்பி பி.வி.சி. கேபிளில் 6 சதுர மில்லிமீட்டர் 41 ஆம்பியர் தாங்கும். போதும் என்று தோன்றும். அந்த 39-ல் 40 விழுக்காடு மூன்றாவது ஹார்மோனிக் என்றால், நியூட்ரலில் 39 × 0.4 × 3 = 46.8 ஆம்பியர்! நான்கு கம்பியும் ஒரே உறைக்குள் சூடாவதால் 0.86-ஆல் வகுக்க வேண்டும், 54 ஆகிறது. 10 சதுர மில்லிமீட்டர் போட்டால்தான் தாங்கும். 50 விழுக்காடானால் 58.5 ஆம்பியர், 16 வேண்டும்.

40 ஆம்பியர் பிரேக்கர் விழாதா என்று கேட்பீர்கள். விழாது. மூன்று ஃபேஸ் பிரேக்கர் பெரும்பாலும் ஃபேஸ் கம்பிகளை மட்டுமே காவல் காக்கிறது. நியூட்ரல் சத்தமில்லாமல் சூடேறி, இணைப்பு கருகி அறுந்தால், 230 வோல்ட்டுக்குச் செய்த சாமான்கள் சிலவற்றின் மேல் 400 வரைகூடப் பாயலாம். அத்துடன் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

பழைய மண்டபங்கள் சிலவற்றில் நியூட்ரலை ஃபேஸ் கம்பியைவிட மெல்லியதாகவே இழுத்திருப்பார்கள். அந்தக் காலத்து விளக்குகளுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

ஆகவே ஆலயக் கமிட்டியார் கொடியேற்றத்துக்கு முன்பே எல்லாவற்றையும் ஒருசேர எரியவிட்டு, சான்றிதழ் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு நியூட்ரலையும் அளக்கச் சொல்லுங்கள். 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று போட்ட க்ளாம்ப் மீட்டராக இருக்கட்டும். மலிவான மீட்டர் இந்தக் கரண்டைக் குறைத்துக் காட்டிவிடும். புதிதாக ஒயரிங் செய்வதென்றால், விலைச்சீட்டு வாங்கும்போதே நியூட்ரல் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.