பழைய ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் பாய்ந்த குண்டு எம்.ஜி.ஆரின் குரலைக் கெடுத்தது, உயிரைப் பறிக்கவில்லை. அவரைச் சுட்ட நடிகர் எம்.ஆர். ராதாவின் தோட்டாக்கள் பழையவை, வீரியம் குறைந்தவை என்பது அந்தத் துப்பாக்கிச் சூட்டு வழக்கோடு இன்றும் சேர்த்துப் பேசப்படும் விளக்கம். அப்படியானால் பழைய ரிவால்வருக்குப் பழைய தோட்டாதானே பாதுகாப்பு என்று சிலர் வாதிடுவார்கள். இல்லவே இல்லை. மருந்து சோர்ந்த தோட்டா, குண்டைக் குழலின் நடுவழியிலேயே விட்டுவிடலாம். சத்தம் மந்தமாக இருந்ததே என்று மறுபடி விசையை இழுத்தால், அடைபட்ட குழல் கையிலேயே வெடிக்கக்கூடும்.

சரி, புதுத் தோட்டாக்களில் உருளைக்குள் நுழைவதைப் போடலாமா? அதுவும் ஆபத்துதான். வெப்ளி .455 ரிவால்வர்கள் பலவற்றின் உருளையைப் பின்புறம் இழைத்து .45 ஆட்டோ தோட்டாவுக்கு மாற்றினார்கள். தோட்டா கச்சிதமாக உட்காரும். ஆனால் அதன் அழுத்தம் அந்தப் பழைய உருளைக்கு அதிகம். '.38' என்ற பெயரும் ஏமாற்றும்: வெப்ளியின் .38 தோட்டா குட்டை, சற்றே பருமன்; .38 ஸ்பெஷல் நீளம், மெலிவு. 'போட்டுச் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லையே' என்பதும் சாட்சியாகாது. உருளையில் விழும் மயிரிழை விரிசல் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. குழலில் பொறித்த பெயரைப் படித்து, துப்பாக்கிப் பழுது அறிந்தவரிடம் கொடுத்து அளந்து பார்ப்பதே வழி.

மயிலாப்பூர் வீட்டுப் பீரோவில் தாத்தாவின் ரிவால்வர் உரிமம் இல்லாமல் கிடந்தால் தோட்டா தேடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி அதைக் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள்.