ஆண் உடையில் தப்பிய ராணி!

12 அடி கனச் சுவர்! அதற்குள் நடந்த கதை

ஒரு வீடு. அதன் உயரம் 100 அடிக்கு மேல். அடிச்சுவரின் கனம் சில இடங்களில் 12 அடிக்கும் அதிகம்!

வீட்டுக்கு இவ்வளவு பெரிய சுவர் எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

இந்த வீட்டின் பெயர் போர்த்விக் மாளிகை. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் இருந்து சுமார் 12 மைல் தூரத்தில் இருக்கிறது. ஒரு நாட்டின் ராணி, ஆண் உடை அணிந்து இங்கிருந்துதான் ஓடினாள்.

வீடா? கோட்டையா?

அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தில் மன்னர் இருந்தார். ஆனால், எல்லா ஊரிலும் அவர் சட்டம் செல்லாது. பிரபுக்களுக்குள் தலைமுறை தலைமுறையாகப் பகை. ஒருவர் ஆட்கள் இன்னொருவர் ஊருக்குள் புகுவார்கள். மாடுகளை ஓட்டிச் செல்வார்கள். வீட்டுக்குத் தீ வைப்பார்கள். போதாக்குறைக்கு, தெற்கே இருந்து இங்கிலாந்துப் படையும் வரும்.

எனவே, பிரபுக்கள் தங்கள் வீட்டையே கோட்டை ஆக்கினார்கள். அகலமாகக் கட்டினால் காவலுக்கு நிறைய ஆள் வேண்டும். ஆகவே உயரமாகக் கட்டினார்கள். ஓர் அறையின் மேல் இன்னோர் அறை. இவற்றைக் "கோபுர வீடுகள்" என்பார்கள்.

சர் வில்லியம் போர்த்விக் என்பவர், 1430-ம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் அனுமதி பெற்று இந்த மாளிகையைக் கட்டினார்.

"ப" வடிவம்

மேலே இருந்து பார்த்தால் மாளிகை "ப" என்ற எழுத்தைப் போல் இருக்கும். நடுவில் பெரிய கட்டிடம். அதன் ஒரே பக்கத்தில் இரண்டு கோபுரங்கள். இரண்டுக்கும் நடுவே குறுகிய சந்து.

அடித்தளத்தில் உணவுப் பொருள்களை வைக்கும் அறைகள். அதன் மேல் பெரிய கூடம். அதன் மேல்தளம் மரத்தால் ஆனது அல்ல. கல்லை வளைத்துக் கட்டியது. தீ வைத்தாலும் எரியாது!

மாடிப்படிகள் சுவரின் கனத்துக்குள்ளேயே சுழன்று செல்கின்றன. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். மேலே வாளுடன் ஒருவன் நின்றால் போதும். கீழே இருந்து வருகிறவர்கள் திணறிப் போவார்கள்.

கைதிகளின் கையைக் கட்டி, "ஒரு கோபுரத்தில் இருந்து அடுத்த கோபுரத்துக்குத் தாண்டு. தாண்டினால் விடுதலை!" என்று சொல்வார்களாம். இப்படி ஒரு கதை அங்கே வழங்குகிறது.

மாளிகையைச் சுற்றி வளைத்தார்கள்

1567-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் ராணி மேரிக்கு வயது 24. அந்த ஆண்டு பிப்ரவரியில் அவள் கணவர் டார்ன்லி பிரபு கொலை செய்யப்பட்டார். பாத்வெல் பிரபு மீது எல்லோருக்கும் சந்தேகம். ஆனால், மூன்றே மாதத்தில் அந்தப் பாத்வெல்லையே மேரி மணந்தாள்!

நாடு கொதித்தது. ஜூன் மாதம் புதுமணத் தம்பதிகள் போர்த்விக் மாளிகைக்கு வந்து தங்கினார்கள். எதிர்த்த பிரபுக்கள் படையுடன் வந்து மாளிகையைச் சுற்றி வளைத்தார்கள்.

பாத்வெல் முதலில் நழுவினான். மேரி தனியே நின்றாள். பகைவர் உள்ளே வர முடியாத வீடு அது. ஆனால், உள்ளே இருப்பவர்களுக்கு அதுவே சிறை ஆகிவிடுமே!

மேரி யோசித்தாள். பட்டு உடையைக் களைந்தாள். ஆண் உடை அணிந்தாள். காலில் பூட்ஸ் மாட்டினாள். இருட்டில் வெளியேறி, குதிரை ஏறிப் பறந்தாள். கணவனுடன் சேர்ந்துகொண்டாள்.

ஆனால், அந்த விடுதலை சில நாள்களே நிலைத்தது. ஜூன் 15-ந் தேதி கார்பெரி குன்றில் மேரி சரண் அடைந்தாள். ஜூலையில் முடியைத் துறந்தாள். 1568-ல் இங்கிலாந்துக்கு ஓடினாள். அங்கே பல ஆண்டுகள் காவலில் இருந்தாள். 1587-ல் அவள் தலை வெட்டப்பட்டது.

பீரங்கி முழக்கம்

1650-ம் ஆண்டு. இங்கிலாந்துத் தளபதி கிராம்வெல் ஸ்காட்லாந்து மீது படை எடுத்தார். அவருடைய வீரர்களைத் தாக்கியவர்களுக்குப் போர்த்விக் பிரபு இடம் கொடுத்தார்.

நவம்பரில் கிராம்வெல் கடிதம் அனுப்பினார். "மாளிகையை விட்டு வெளியேறுங்கள். இல்லாவிட்டால் பீரங்கி பேசும்" என்பது அதன் கருத்து.

பிரபு மறுத்தார். பீரங்கி பேசியது! குண்டுகள் கிழக்குச் சுவரைத் தாக்கின. உச்சிக் கற்கள் சிதறின.

வாளையும் அம்பையும் மனதில் வைத்துக் கட்டிய சுவர் அது. பீரங்கி முன்னால் எத்தனை நாள் நிற்கும்? உள்ளே மனைவியும் குடும்பத்தாரும் இருந்தார்கள். பிரபு வீம்பு பிடிக்கவில்லை. சரண் அடைந்தார். குடும்பத்துடன் உயிரோடு வெளியே போக அவருக்கு அனுமதி கிடைத்தது. மாளிகையும் தரைமட்டம் ஆகாமல் பிழைத்தது.

இன்று

இரண்டாம் உலகப் போரின்போது, ஸ்காட்லாந்தின் அரசாங்க ஆவணங்களை இங்கே பத்திரமாக வைத்திருந்தார்கள். 1973-ல் மாளிகை ஓட்டல் ஆனது. ராணி தப்பி ஓடிய வீட்டில் கலியாண விருந்துகளும் நடந்தன.

கிழக்குச் சுவரில் குண்டு பட்ட வடு இன்னும் அப்படியே இருக்கிறது. 12 அடிச் சுவர் காப்பாற்ற முடியாத குடும்பத்தை, வேளை அறிந்து எடுத்த ஒரு முடிவு காப்பாற்றியது. அதற்கு அந்த வடுவே சாட்சி!